எதில் அரைத்தாய்?

(தாம்பரத்தில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடிய ஓர் அறிவியல் கூட்டத்தில், ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பொன்னாடை போர்த்தாமல் டவல் கொடுத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. நான் கொண்டு வந்த கல்லைச் சுற்றி எடுத்துப்போக அது உதவும்.

கல்லை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். கனமாக இருக்கும், காலில் போட்டுக்கொள்ளாதீர்கள். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினால் கரும்பச்சையாக, எண்ணெய்க் கையால் தொட்டதுபோல ஒரு மினுக்கம் தெரியும். ஊடே நீலச் சாயலோடு கண்ணாடித் துண்டு மாதிரி இருப்பது குவார்ட்ஸ். இது இங்கிருந்து நான்காவது ஸ்டேஷனில், திரிசூலத்தில் எடுத்த கல். நம்மூரில் வீடு கட்டியவர்களுக்கு இது புளூ மெட்டல் ஜல்லி, ஸ்தபதிகளுக்குக் கருங்கல். நிலவியல் படித்தவர்களுக்குச் சார்னோக்கைட். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

என்னை அழைத்தவர்கள் கொடுத்த தலைப்பு, ‘புவிவேதியியலில் முனைவர் பட்டம்: வாய்ப்புகளும் சவால்களும்’. இந்த மாதிரித் தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன். அதனால் இந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறேன். பட்டம் நடுவில் வரும்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். கல் பல்லாவரத்தில் இருக்கிறது, பெயரோ கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஒரு வெள்ளைக்காரருடையது. ஜோப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட் 1693 ஜனவரியில் இறந்தார். கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவருக்குக் கல்லறை கட்டினார்கள். வங்காளத்து வண்டல் மண்ணில் கல்லுக்கு எங்கே போவது? கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்திலிருந்து கடல் வழியாகப் போனது. இருநூறு வருஷம் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இளம் அதிகாரி தாமஸ் ஹாலண்ட் அந்தப் பலகையைப் பார்த்தார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தான் பார்த்த கல் அது என்று அடையாளம் கண்டு, 1893இல் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே ‘ஜோப் சார்னோக்கின் கல்லறைப் பலகையின் பாறையியல்’. கல்லுக்குப் பெயரும் அதில்தான் வைத்தார்.

2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், சார்னோக்கை அந்த நகரத்தை நிறுவியவர் என்று கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. பாடப்புத்தகத்திலிருந்து அவர் போய்விட்டார். கல்லிலிருந்து அவரை எடுக்க எந்தக் கோர்ட்டாலும் ஆகாது. அண்டார்க்டிகாவில், நார்வேயில், ஆப்பிரிக்காவில் இந்த வகைக் கல் எங்கே கிடைத்தாலும் அவர் பெயர்தான். பல்லாவரத்தின் பெயரை வைத்திருக்கலாம் என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அங்கே குன்றைக் குடைந்து பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் விருதுப் பெயர்களை இதே கல்லில்தான் வெட்டினான். ஆயிரத்து நானூறு வருஷம் தாங்கிய கல் அது. மாமல்லபுரத்தைக் கிரானைட் என்று கைடுகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அங்கேயும் சார்னோக்கைட் உண்டு.

ஹாலண்ட் 1900இல் நூறு பக்கத்துக்கு மேல் ஒரு பெரிய ஆய்வேட்டை எழுதினார். சிலிக்கா நிறைந்த வெளிர் கல்லிலிருந்து இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கரிய கல்வரை எல்லாம் ஒரே குடும்பம், ஒரே பாறைக்குழம்பின் பிள்ளைகள் என்பது அவர் கட்சி. அடுத்த அரை நூற்றாண்டு உலகம் இதைப் பற்றிச் சண்டை போட்டது. கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹௌவி என்ற இளைஞர் சென்னைக் கற்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கல்லிலும் எந்தத் தனிமம் எவ்வளவு, அந்தத் தனிமம் எந்தக் கனிமத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்தார். 1955இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பெயர் ‘சென்னைச் சார்னோக்கைட் தொகுதியின் புவிவேதியியல்’. பாறைக்குழம்பாய்ப் பிறந்த கல்தான், ஆனால் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருகாமலே மறுபடி படிகமாகியிருக்கிறது என்றார். பின்னாளில் டீர், ஹௌவி, ஸஸ்மன் மூவரும் எழுதிய கனிமப் புத்தகம் இல்லாத நிலவியல் துறை உலகத்தில் கிடையாது. அந்த ஹௌவியின் தொடக்கம் நம் மின்சார ரயில் பாதை ஓரத்துக் கல்.

நான்கு வருஷம் கழித்து, 1959இல், ஏ.பி. சுப்ரமணியம் என்ற நம்மவர் அமெரிக்க ஏடு ஒன்றில் எழுதினார். பெயர் வைத்த இடத்துக்கே திரும்பப் போய், குன்று குன்றாக நடந்து, எந்தக் கல் எந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்த்து எழுதினார். வெளிர் கற்கள் ஒரு குடும்பம், கரிய கற்கள் அதில் சேராத வேறு குடும்பம், ஹாலண்ட் கட்டிய தொகுதி அப்படியே நிற்காது என்பது அவர் முடிவு. எந்த ஆய்வகத்திலும் ஒரு பாட்டிலில் இருக்கும் கல், பக்கத்துப் பாட்டில் கல்லோடு தான் எப்படி ஒட்டியிருந்தது என்று சொல்லாது. மாணவர்களிடம் நான் ஹௌவி, சுப்ரமணியம் இருவர் கட்டுரைகளையும் சேர்த்தே படிக்கச் சொல்வேன். ஒன்றை மட்டும் படித்தவன் பாதி ஆள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் குரோம்பேட்டைப் பெண். அப்பா ரயில்வே. எண்பதுகளின் கடைசியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். பழைய மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் சம்மட்டியும் கித்தான் பையுமாகத் திரிசூலத்தில் இறங்கினால், கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்கள் சிரிப்பார்கள். “எங்களுக்கு நாள் கூலி. உனக்கு எவ்ளோ தர்றாங்க?” என்று ஒரு அக்கா கேட்டார். சொன்னேன். “அப்ப நாங்களே தேவலாம்” என்றார்.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். எனக்கு முதல் பாடம் நடத்தியவர் அவர். நான் சுலபமாகக் கைக்கு வந்த ஒரு துண்டை உடைத்துப் பையில் போட்டேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துத் தூர எறிந்தார். “இது செத்த கல்லும்மா. மேல பாரு, பழுப்பேறிக் கெடக்கு. உசுருள்ள கல்லு உள்ளதான் இருக்கு” என்றார். வெயிலும் மழையும் பட்ட தோலில் இரும்பு துருவேறி, சோடியமும் கால்சியமும் கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்தத் துண்டை அளந்தால் 250 கோடி வருஷத்துக் கல்லின் கணக்கு வராது, போன நூறு மழையின் கணக்குதான் வரும். புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் உண்டு. பெரியவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அப்புறம்தான் என் பெரிய முட்டாள்தனம். இதை நான் எல்லா ஊரிலும் சொல்வது வழக்கம், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கல்லை வேதியியல் பகுப்பாய்வுக்கு அனுப்புமுன் உடைத்து, மாவாக அரைக்க வேண்டும். டால்கம் பவுடர் மாதிரி வரவேண்டும். நான் ஓர் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, அங்கிருந்த அரைவையில் நாற்பது சாம்பிள் அரைத்தேன். இரண்டு மாதம் கழித்து எண்கள் வந்தன. வெளிர் சார்னோக்கைட்டில் குரோமியம் பத்து லட்சத்துக்கு இருபது, முப்பது பங்கு இருந்தால் நியாயம். எனக்கு நூற்றைம்பது வந்தது. ஒன்றில் இல்லை, நாற்பதிலும்!

குரோம்பேட்டைப் பெண் குரோமியம் கண்டுபிடித்துவிட்டாள் என்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஹாலண்டையும் ஹௌவியையும் திருத்தப்போகிறேன் என்று நானே நம்பினேன். முப்பது பக்கம் எழுதி ஆய்வுக் கைடிடம் கொடுத்தேன். அவர் அட்டவணையை மட்டும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எதில் அரைத்தாய்?” என்றார்.

குரோம் எஃகு உருளை. கல் குவார்ட்ஸ் நிறைந்தது, எஃகைவிடக் கடினம். நான் கல்லை அரைத்தேன் என்று நினைத்தேன், கல் அரைவையை அரைத்திருக்கிறது. சோதனைக்காகக் கடையில் வாங்கிய சுத்தமான குவார்ட்ஸை அதே உருளையில் அரைத்து அனுப்பினோம். குரோமியமே இருக்கக்கூடாத அந்த மாவிலும் நூறுக்கு மேல் வந்தது. முப்பது பக்கமும் குப்பைக்கூடை. நாற்பது சாம்பிளையும் அகேட் உரலில், கையால், மறுபடி அரைத்தேன். ஒரு சாம்பிளுக்கு ஒரு மணி நேரம். மோதிரமும் வளையலும் கழற்றிவிட்டுத்தான் உட்காருவேன். தங்கம் அளப்பவர்கள் மோதிரத்தோடு சாம்பிள் தொட்டால் தங்கச் சுரங்கமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு கிரானைட்டையும் ஒரு டயபேஸ் கல்லையும் மாவாக்கி, ஜி-1, டபிள்யூ-1 என்று பெயரிட்டு, பல ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரே மாவு, ஒரே டப்பா. 1951இல் முடிவுகளைச் சேர்த்து வெளியிட்டபோது எல்லோர் முகத்திலும் அசடு வழிந்தது, ஆளுக்கொரு எண். பெரிய பெரிய பெயர்கள். அதற்குப் பிறகுதான் தெரிந்த கல்லைத் தெரியாத கல்லோடு சேர்த்து ஓட்டி, தெரிந்ததில் சரியான விடை வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் உலகம் முழுக்க வேரூன்றியது. இன்றைக்கு ஐசிபி-எம்எஸ் என்கிற கருவி நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட எண்ணிக் கொடுக்கிறது. ஆனால் நீங்கள் எதில் அரைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அது கொடுக்கும் எண்ணுக்கு நான்கு தசமம் இருக்கிறது என்று மயங்குகிற மாணவரைப் பார்த்தால் எனக்கு என் முப்பது பக்கம் ஞாபகம் வரும்.

கருவி என்றதும் அமிலம் ஞாபகம் வருகிறது, இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கருவிக்குள் அனுப்பக் கல்லைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும், அது கண்ணாடியையே தின்னும். தோலில் பட்டால் பல நேரம் உடனே வலிக்காது, அதுதான் ஆபத்து, உள்ளே போய் எலும்புவரை பாயும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். எந்தக் கைடு சொன்னாலும்.

சரி, இந்தப் பட்டத்தால் ஊருக்கு என்ன? பெற்றோர் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். குரோம்பேட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்திருக்கிறீர்களா? குரோம் உப்பால் தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. வேதியியல் தனிமத்தைப் பெயராக வைத்துக்கொண்ட புறநகர் வேறு எங்கேனும் இருந்தால் சொல்லுங்கள். பல்லாவரம் வட்டாரத்துத் தோல் பதனிடும் இடங்களைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் குரோமியம் இருப்பதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தரநிலை.

இங்கேதான் கல்லும் தண்ணீரும் கைகோக்கின்றன. ஒரு கிணற்றில் குரோமியம் இருக்கிறது என்றால் அது தோல் தொட்டியிலிருந்து வந்ததா, அடியில் இருக்கும் பாறையிலிருந்து வந்ததா? சுப்ரமணியம் வேறு குடும்பம் என்று பிரித்தாரே, அந்தக் கரிய கல்லில் வெளிர் கல்லைவிடக் குரோமியம் கூடுதல். அப்படியானால் அந்தக் கிணறு எந்தக் கல்மேல் நிற்கிறது என்று முதலில் வரைபடம் வேண்டும். குரோமியத்திலும் இரண்டு முகம். மூன்று இணைதிறனில் இருப்பது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு சாதுவாகக் கிடக்கும். ஆறு இணைதிறனுக்கு மாறினால் தண்ணீரோடு ஓடும், உடம்புக்குக் கெடுதல். மண்ணில் இருக்கும் மாங்கனீஸ் ஆக்சைடு மூன்றை ஆறாக மாற்றிவிடும். ஆகவே ‘குரோமியம் இவ்வளவு’ என்று மொத்தமாக ஓர் எண்ணைக் கொடுத்தால் பாதி பதில்தான்.

கூடவே தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பு குளோரைடாக வரும், குரோம் சல்ஃபேட் சல்ஃபேட்டாக வரும். ஆனால் குளோரைடு கடல் பக்கத்திலிருந்தும் வரலாம், நம் செப்டிக் டேங்கிலிருந்தும் வரலாம். ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். இந்த இடத்தில் உட்கார்ந்து ஐந்து வருஷம் வேலை செய்ய ஆள் வேண்டும், நீங்கள் யாராவது வருவீர்களா என்றுதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தண்ணீர் சாம்பிள் எடுப்பதில் உள்ள சள்ளைகளை என் மாணவிகள் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். போர்வெல்லைப் பத்து நிமிஷமாவது ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போன பிறகு பிடிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா “கரண்ட் பில்லு யார் கட்டுறது?” என்பார். உலோகங்களுக்கான பாட்டிலில் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பைகார்பனேட்டுக்கு அமிலம் விடாத தனிப் பாட்டில், அதை அன்றைக்கே பார்க்க வேண்டும். கடைசியில் நேர்மின் அயனிகளையும் எதிர்மின் அயனிகளையும் தனித்தனியே கூட்டினால் சமமாக வர வேண்டும், தண்ணீர் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை அல்லவா? ஐந்து சதவீத வித்தியாசம் பொறுக்கலாம். இருபது வந்தால் எங்கோ சறுக்கல், திரும்பப் போய் மறுபடி அதே அம்மாவிடம் கெஞ்ச வேண்டும்.

2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். கல் எடுத்த பள்ளம் குளமாகி ஊருக்குக் குடிக்கக் கொடுத்தது. அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைப் பரிசோதித்தவர்களில் யாரோ ஒருவர், எங்கோ ஒரு ஆய்வகத்தில், இதே அயனிக் கூட்டலைத்தான் போட்டிருப்பார்.

பட்டத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. எம்.ஃபில். என்கிற ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளோடு நிறுத்திவிட்டது. எங்கள் காலத்தில் அது ஓர் ஒத்திகை மேடை, தப்புச் செய்ய ஒரு வருஷம். அது போனதில் எனக்கு வருத்தம்தான். அதே விதிகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்தார்கள், அதற்கு நான் கைதட்டினேன். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஏடுகளுக்கு நம் பிள்ளைகள் கொட்டிக் கொடுத்தது போதும். காலம் குறைந்தது மூன்று வருஷம், மிஞ்சினால் ஆறு, பெண்களுக்கு இன்னும் இரண்டு கூட்டிக்கொள்ளலாம். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் புவி அறிவியல் தாளில் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் போனால் 42,000. என்னைக் கேட்ட அந்த ஜல்லி உடைக்கும் அக்காவிடம் இதைச் சொல்ல ஆசை.

இடம் தேடி நீங்கள் தூரம் போக வேண்டாம். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறை, கடற்கரையில் மாநிலக் கல்லூரி எல்லாம் ஒரு ரயில், ஒரு பஸ் தூரம். பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். ஆனால் சேருமுன் கைடின் பழைய மாணவர் ஒருவரை டீக்கடைக்கு அழைத்துப்போய் ஒரு கேள்வி கேளுங்கள்: சாம்பிளை அரைக்க எங்கே போனாய், அளக்க எங்கே போனாய், எத்தனை மாதம் காத்திருந்தாய்? அந்தப் பதிலில் ஆய்வுத் துறையின் முழு ஜாதகமும் இருக்கும்.

கல் கடைசி வரிசைக்குப் போய்விட்டது போலிருக்கிறது. பின்னால் ஒட்டியிருக்கும் நம்பரைச் சுரண்ட வேண்டாம், அது இல்லாவிட்டால் அது வெறும் ஜல்லி.

ஒரே ஒரு விஷயம் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். வாய்மொழித் தேர்வு முடிந்து, பெயருக்கு முன்னால் முனைவர் சேர்ந்த வாரம், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் அளந்து பார்த்தேன். கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், மொத்தக் கரைந்த திடப்பொருள் எல்லாம் ஒரு தாளில் எழுதி, அம்மாவிடம் அடுப்படியில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரிடி. இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா, வேகாதா?”

“வேகாதும்மா. கடினத்தன்மை ஜாஸ்தி.”

“அது எனக்கு நீ பொறந்ததுலேருந்து தெரியும்” என்று சொல்லிவிட்டு, லாரித் தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குக்கரில் ஊற்றினார்.